அண்ணியின் ஜில் டீ

மெக்கானிக்குக்கு அண்ணி மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. நேற்று முந்தாநாள் வந்தது இல்லை அது. அண்ணி வீட்டில் முதன்முதலாக ஜில் டீ போட்ட நாளிலிருந்து தொண்டையில் மீன்முள் மாதிரி குறுக்கே நிற்கிறது. டீயை ஊற்றிக் கையில் கொடுத்ததும் அண்ணி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். மெக்கானிக்கின் மனைவியைக் கேட்பாள். மீட்டர் பார்க்க வந்த ஆளை வாசலிலேயே மடக்கி, ஒரு டம்ளர் குடிக்கவைத்துக் கேட்டிருக்கிறாள். பல் கூசும் என்று ஜில்லென்ற எதையும் தொடாத தன் புருஷனைக்கூட, "கலரையாவது பாத்துச் சொல்லுங்க" என்று விடமாட்டாள். மெக்கானிக்கிடம் மட்டும் டம்ளரைக் கொடுத்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள்.

அவன் செய்த குற்றம் இதுதான். பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைப் பிரித்து, கம்ப்ரஸர் மாற்றி, புதுசு போலப் பெயின்ட் அடித்து அண்ணன் வீட்டில் கொண்டுவந்து வைத்தவன் அவனே. அந்த ஃபிரிட்ஜில் குளிர்ந்த முதல் டீயை அண்ணி எல்லோருக்கும் கொடுத்தாள். ஆளாளுக்கு ஆகா ஓகோ என்றார்கள். இவன் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. அடியில கொஞ்சம் கசக்குது" என்றான்.

அண்ணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "பாட்டரியை நக்கிப் பாத்து உசுரு இருக்கா இல்லையான்னு சொல்ற நாக்கு தம்பி உன்னுது. அதுக்கு என் டீயோட அருமை தெரியுமா?"

வீடே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவன் மனைவி. அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது அடுத்த தடவை நடந்தது. டீயைத் துணியில் வடிகட்டியதும் டீத்தூள் மூட்டையை முறுக்கிப் பிழிகிற பழக்கத்தை அண்ணி சத்தமில்லாமல் விட்டுவிட்டாள். கசப்பு போய்விட்டது. அவன் சொன்னதைக் கேட்டுத்தான் விட்டாள். ஆனால் அவனைக் கேட்பதை அன்றோடு நிறுத்தினாள்.

அண்ணி லேசுப்பட்ட ஆளில்லை. உடுப்புத் தொழிற்சாலையில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கும் மேஜையில் பாதி ஆயுசைக் கழித்தவள். காலரில் ஒரு தையல் கோணிப்போனாலும் சட்டை பறந்து வந்து தைத்தவள் மடியிலேயே விழும். அங்கே அவளுக்கு 'ரிட்டர்ன் அக்கா' என்று பெயர். முட்டிவலி வந்து வேலையை விட்ட பிறகும் கால் அந்தப் பக்கமே இழுத்தது. ஒரு கோடையில் பழைய சிநேகிதிகளைப் பார்க்கப் போனபோது, கையில் ஒரு கேன் நிறைய, பிளம்ஸ் பழம் போட்ட ஜில் டீ எடுத்துப்போனாள். இஸ்திரிப் பெட்டிகளின் ஆவியில் வெந்துகொண்டிருந்த பெண்கள் அதைக் குடித்துவிட்டு, "நாளைக்கும் வருவீங்களாக்கா?" என்றார்கள். போனாள். அதற்கப்புறம் ஒவ்வொரு கோடையிலும் அண்ணியின் வீட்டுச் சமையலறையிலிருந்து தினமும் தொழிற்சாலையின் ஓய்வு ஹாலுக்கு டீ போயிற்று. தொழிற்சாலை வேன் காலையில் வந்து குழாய் வைத்த எவர்சில்வர் கேனை ஏற்றிப்போகும்; சாயங்காலம் காலிக் கேனைக் கொண்டுவந்து இறக்கும். கேன் காலியாக வருகிறதா என்று தட்டிப் பார்ப்பதில்தான் அண்ணிக்கு அன்றைய பொழுதே முடியும்.

இந்தக் கோடையின் ஆரம்பத்தில் அண்ணி காய்ச்சலில் படுத்தாள். மெக்கானிக் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்ததோடு சரி. வெயில் காலத்தில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தலை சொறியக்கூட நேரம் இருக்காது. அண்ணி எழுந்துவிட்டாள், டீ போட ஆரம்பித்துவிட்டாள் என்று மனைவி சொன்னாள். சரி, அந்தக் கவலை விட்டது என்று அவனும் தன் வேலையைப் பார்த்தான்.

அந்த வாரக் கடைசியில் தொழிற்சாலையிலிருந்தே அவனைக் கூப்பிட்டார்கள். ஓய்வு ஹாலில் இருந்த தண்ணீர் கூலர் குளிரவில்லை. அதன் முதுகைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தபோது மணி அடித்தது. பெண்கள் திமுதிமுவென்று வந்தார்கள். மேஜைமேல் அண்ணியின் கேன் இருந்தது. வரிசையாக நின்று ஆளுக்கொரு டம்ளர் பிடித்தார்கள். பிடித்தவர்கள் யாரும் வாயில் வைக்கவில்லை. கை கழுவும் தொட்டிப் பக்கம் போனார்கள், சத்தம் வராமல் டம்ளரைக் கவிழ்த்தார்கள், குழாயைத் திறந்து தண்ணீர் விட்டார்கள், திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஏதோ பழகிப்போன காரியம் மாதிரி அவ்வளவு ஒழுங்காக நடந்தது.

மெக்கானிக் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தான். முதலில் இனிப்பு வந்தது. பின்னாலேயே புளிப்பு வந்தது. அதற்குப் பின்னால், கூப்பிடாத விருந்தாளி மாதிரி வெங்காயம் வந்தது. பச்சை வெங்காயம். வந்ததும் இல்லாமல் தொண்டையில் பாய் விரித்துப் படுத்தும்கொண்டது.

"பாத்துட்டீங்களாண்ணே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஹாலின் மேற்பார்வைக்காரி. அண்ணி திருப்பி எறிந்த சட்டைகளை வாங்கிக் கட்டிக்கொண்டு வளர்ந்தவள்.

"என்னம்மா இது?"

"காய்ச்சலுக்கு அப்புறம் இப்படித்தான் வருது. முதல் நாள் ஏதோ தப்பி விழுந்துருச்சுன்னு நெனச்சோம். தினமும் இதேதான். மிச்சம் வெச்சு அனுப்புனா அக்கா மனசு ஒடிஞ்சுரும்னு கொட்டிட்டு அனுப்பறோம்."

"வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"நல்லா சொன்னீங்க. எங்க காலரைத் திருப்பித் திருப்பி எறிஞ்சு எங்களை ஆளாக்குனவங்க. அவங்க டீயைத் திருப்பி எறிய எங்களுக்குக் கை வருமா?" அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "திங்கக்கிழமையிலேருந்து கம்பெனியே பாட்டில் ஜூஸ் தருதுன்னு சொல்லி நிறுத்திரலாம்னு இருக்கோம். நீங்களும் ஒண்ணும் சொல்லிக்காதீங்க. அக்காவுக்கு நோகாம முடிஞ்சுரும்."

மெக்கானிக்குக்கு நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் காத்திருந்தவன் கையில் கம்பு தானாக வந்து விழுந்திருக்கிறது. ஆனால் அவன் கண்ணுக்கு முன்னால் வந்ததெல்லாம், சாயங்காலம் வாசலில் நின்று காலிக் கேனைத் தட்டிப் பார்க்கும் அண்ணிதான். பாட்டில் ஜூஸ் என்று சொன்னால் நம்பிவிடுவாள். நம்பிவிட்டு, ஏன் என்று தெரியாமலேயே மூலையில் உட்கார்ந்துவிடுவாள்.

"நாளைக்கு ஒரு கேன் வரட்டும்" என்றான். "அதைக் குடிச்சிட்டு முடிவு பண்ணுங்க."

"நாளைக்கும் இதே மாதிரி வந்தா?"

"வந்தா கேன் மொத்தத்தையும் நானே குடிக்கிறேன். போதுமா?"

வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டான். "நீ போன வாரம் அண்ணி வீட்ல டீ குடிச்சியா?"

"குடிச்சேனே."

"எப்படி இருந்துச்சு?"

"இப்பதான் படுக்கையில இருந்து எந்திரிச்சிருக்காங்க, அவங்ககிட்டப் போய் வெங்காயம் நாறுதுன்னா சொல்றது? நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"நல்ல குடும்பம்டி" என்று போனை வைத்தான்.

அண்ணி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அண்ணி அடுப்படியில் பிளம்ஸ் பழங்களைக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஜன்னலோரம் காய் நறுக்கிக்கொண்டிருந்தான். அண்ணிக்குக் காய்ச்சல் வந்தபோது கரண்டியைக் கையில் எடுத்தவன். அவள் எழுந்த பிறகும் கீழே வைக்கவில்லை.

"வா தம்பி. வழி தெரிஞ்சுதா?" என்றாள் அண்ணி.

மெக்கானிக்குக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "அண்ணி, உங்க டீயில வெங்காயம் நாறுது" என்றான்.

அண்ணியின் கத்தி நின்றது. "என்னது?"

"வெங்காயம். தொழிற்சாலையில யாரும் குடிக்கறதில்ல. கொட்டிட்டுக் கேனை அனுப்புறாங்க. நான் என் கண்ணால பாத்தேன்."

"யாரு சொல்லிக் கொடுத்தா உனக்கு இதை? பழசை மனசுல வெச்சிக்கிட்டுப் பேசறியா?" அண்ணி விறுவிறுவென்று ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே டீப் பாத்திரம் மெல்லிய துணி கட்டி உட்கார்ந்திருந்தது. மூடி போட்டால் வேர்த்துச் சொட்டும் என்று எப்போதும் துணிதான் கட்டுவாள். ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள். "இனிப்பு சரி. புளிப்பு சரி. எங்கடா இருக்கு வெங்காயம்? ஒருவேளை உன் வாயில இருக்கோ என்னமோ!"

மெக்கானிக் அந்தப் பேச்சைக் காதில் வாங்கவில்லை. டீப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் பாதி வெங்காயம் மல்லாந்து கிடந்தது. ஃபிரிட்ஜைத் திறந்ததுமே அவன் முகத்தில் அறைந்த நெடி அது. இத்தனைக்கும் அண்ணி முகம் கோணவில்லை. அவன் வெங்காயத்தை எடுத்தான். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா உங்க தம்பி பேசறதை!" என்று புருஷனிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கவாட்டிலிருந்து மெதுவாக அவள் மூக்கடியில் அதைக் கொண்டுபோனான். அவள் பேச்சு நிற்கவில்லை. மூச்சு இழுத்தாள், விட்டாள், இன்னும் திட்டினாள். அண்ணன்தான் முதலில் பார்த்தான். அவன் வாய் திறந்தபடி நின்றது. அதைப் பார்த்துத்தான் அண்ணி கண்ணைத் தாழ்த்தினாள்.

மெக்கானிக் வெங்காயத்தைத் திரும்பத் தட்டில் வைத்தான்.

"எப்பலேருந்து அண்ணி?"

"காய்ச்சல்லேருந்து." அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "டாக்டர்கிட்டப் போனேன். வாசம் திரும்ப வரலாம், நாளாகலாம்னாரு. எனக்கு நாள் இருக்கு. பழத்துக்கு இல்லையே, சீசன் முடிஞ்சுருமே."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றான் அண்ணன்.

"சொல்லி? கண்ணு தெரியாதவளைக் கொண்டுபோய் சட்டை பாக்குற மேஜையில உக்கார வைப்பாங்களா? மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா என் டீயை எவ குடிப்பா?" சட்டென்று அவள் குரல் மாறியது. "அது இருக்கட்டும். வெட்டுன வெங்காயத்தை ஃபிரிட்ஜுல வெச்சது யாரு?"

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தான். "ரெண்டு பேருக்குப் பாதிதானே வேணும். மீதியை வீணாக்கக் கூடாதுன்னு..."

"தினமுமா?"

"தினமும் சமைக்கிறேனே!"

"பஸ்ஸை ஓட்டுனீங்க சரி. வீட்டு மேலயும் ஏத்திக் கொன்னுட்டீங்களே."

அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அண்ணி தேறிவிட்டாள் என்று அர்த்தம். இருந்த டீயை அவளே தொட்டியில் கொட்டினாள். மெக்கானிக் ஃபிரிட்ஜைக் காலிசெய்து, தட்டுகளைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் துடைத்து, கதவு ரப்பரின் மடிப்புகளில் எல்லாம் துணியை விட்டு இழுத்தான். அண்ணன் உள்ளே அடைத்திருந்த காய்கறிப் பொட்டலங்கள் எல்லாம் அலமாரிக்குப் போயின. அதற்குள் அண்ணி புதிய டீக்கு ஆரம்பித்திருந்தாள்.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்தாள். அணைத்த பிறகுதான் டீத்தூள் போட்டாள். டீத்தூளைக் கொதிக்கவிடுகிறவர்களை அவள் மனுஷராகவே மதிப்பதில்லை. ஆவி அடங்குகிற வரைக்கும் மூடி வைத்து, வடித்து, துணியைப் பிழியாமல் தொங்கவிட்டாள். இன்னொரு பக்கம் பிளம்ஸ் துண்டுகள் தோலோடு, சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீருமாகச் சின்னத் தீயில் கிடந்தன. தோல் சுருண்டு சிவப்பு முழுசும் இறங்கினதும் ஆரஞ்சுத் தோலைச் சீவிப்போட்டாள். வெள்ளை கொஞ்சமும் ஒட்டாமல் சீவினாள். கண்ணும் கையும் முன்பு இருந்த மாதிரியேதான் இருந்தன.

இரண்டையும் கலந்து வெதுவெதுப்பாக இருக்கும்போதே மெக்கானிக்குக்குப் பொறுமை போய்விட்டது. "நான் குளிர வைக்கிறேன் பாருங்க" என்று ஒரு சொம்பு மொண்டு, தன் கைப்பட ரிப்பேர் செய்த ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் பெருமையாகத் தள்ளினான். வெளியே எடுத்தபோது கண்ணாடி மாதிரி இருந்த டீ அரிசி களைந்த தண்ணீராகக் கலங்கிப்போயிருந்தது.

"சூட்டோட ஃபிரிட்ஜுல வெச்சா கலங்காம என்ன பண்ணும்? வெளியில ஆறிட்டுத்தான் உள்ள போகணும்" என்று அண்ணி ஒரு கரண்டி கொதிநீரைச் சொம்பில் விட்டாள். கலங்கல் தெளிந்தது. "மெஷினை நம்பு, வேண்டாங்கல. அதுக்குன்னு கோயில் கட்டாதே. சரி, இந்தா."

டம்ளரை நீட்டினாள். நேராக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

மெக்கானிக் தடுமாறிப்போனான். இத்தனை வருஷம் அவன் காத்திருந்த கேள்வி இதோ வந்துவிட்டது. ஒரு மடக்குக் குடித்தான். "நல்லா..."

"நல்லாருக்குன்னு சொன்னே, இந்தக் கரண்டியாலயே போடுவேன். ஊரெல்லாம் நல்லாருக்குன்னு சொல்லித்தான் நான் இந்தக் கதிக்கு வந்தேன்."

"இனிப்பு இருக்கு."

"அது எனக்கே தெரியுது. போனது மூக்கு. நாக்கு இருக்கு. பழம் எங்க இருக்கு, அதைச் சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு மடக்குக் குடித்தான். "பிளம்ஸு உள்ள உக்காந்திருக்கு. ஆரஞ்சு... எப்படிச் சொல்றது... ஸ்டாப்புல நின்னு கை காட்டுது. வண்டியில ஏறல."

அண்ணன் சிரித்துவிட்டான். அண்ணி சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "அப்ப தோலை முன்னாடியே போட்டுட்டேன். தீயிலயே வாசம் போயிருச்சு." இன்னொரு பழத்தை எடுத்துத் தோலைச் சீவி, வெறுமனே ஆறிக்கொண்டிருந்த டீயில் போட்டு மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டம்ளர் வந்தது.

"இப்ப?"

"ஏறிருச்சு."

"நின்னுக்கிட்டு வருதா, உக்காந்துருச்சா?"

"டிரைவர் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கு."

"அது ரொம்ப அதிகம்" என்று அண்ணி உடனே தோலை வடித்து எடுத்தாள். "பின்னாடி எப்படி? முழுங்கின பிறகு?"

"காய்ஞ்சாப்ல இழுக்குது. கேஸ் இல்லாம ஓடுற கம்ப்ரஸர் மாதிரி. சத்தம் இருக்கு, குளிர்ச்சி இல்ல."

யாருக்கும் புரியாத அந்தப் பேச்சு அண்ணிக்குப் புரிந்தது. டீ ஓங்கியிருக்கிறது என்று கொஞ்சம் தண்ணீரும், பழச்சாறு இன்னொரு கரண்டியும் விட்டாள். இப்படியே அவன் குடிக்க, அவள் கேட்க, அவன் வாய்க்கு வந்ததைச் சொல்ல, அவள் கை அதற்குத் தகுந்தபடி ஓட, அன்று சாயங்காலம் போயிற்று. ஒரு கட்டத்தில் மெக்கானிக் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தான்.

"ஏன் பேசாம இருக்கே?"

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல அண்ணி. அப்படியே விடுங்க."

அவள் அதையும் உடனே நம்பவில்லை. இன்னொரு டம்ளர் குடிக்கவைத்து, அவன் முகத்தைக் காலர் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்துக்குத் துணி கட்டினாள்.

மறுநாள் வேனுக்குக் காத்திராமல் மெக்கானிக்கே கேனைத் தன் ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு போனான். போகிறபோதே எலுமிச்சம்பழங்களையும் அண்ணி பையில் போட்டுக் கொடுத்தாள். எலுமிச்சை குடிக்கிற நேரத்தில்தான் பிழியவேண்டும் என்பது அவள் சட்டம். மணி அடித்ததும் பெண்கள் வந்தார்கள். பழக்கதோஷத்தில் டம்ளரோடு தொட்டிப் பக்கம் திரும்பினார்கள். மெக்கானிக் தொட்டியை மறைத்துக்கொண்டு ஒரு லாரி மாதிரி நின்றான்.

"குடிச்சிட்டுக் கொட்டுங்க" என்றான்.

மேற்பார்வைக்காரி முன்னால் வந்தாள். தூக்கு மேடைக்குப் போகிறவள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். பிடித்த மூச்சை விட்டாள். இன்னொரு வாய் குடித்தாள். டம்ளரை அண்ணாந்து வாயில் கவிழ்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நேரே கேனுக்குப் போய்க் குழாயைத் திருகினாள்.

"ரெண்டாவது தடவை வரிசையில நிக்கணும்க்கா!" என்று ஒருத்தி கத்தினாள். ஹால் முழுக்கச் சிரிப்பு.

கேன் தீர்ந்ததும் மேற்பார்வைக்காரி அவனிடம் வந்தாள். "திங்கக்கிழமையும் வரட்டும்ணே. ஆனா என்ன ஆச்சு இத்தனை நாளா? அக்கா என்ன சொன்னாங்க?"

"அதை அவங்ககிட்டக் கேட்டுக்கோம்மா" என்று மெக்கானிக் நழுவினான். வீட்டுச் சங்கதியை வெளியில் அவிழ்த்துக் கொட்டுகிற வழக்கம் அவனுக்கு இல்லை.

காலிக் கேனோடு அவன் திரும்பியபோது அண்ணி வாசலில் நின்றிருந்தாள். கேனை வாங்கினாள். தட்டிப் பார்க்கவில்லை, மூடியைத் திறந்து, ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பிளம்ஸ் தோலைப் பார்த்தாள். "யாரு குடிச்சா, யாரு கொட்டுனா, ஒண்ணு விடாமச் சொல்லு" என்றாள். சொன்னான். வரிசையில் இரண்டாம் தடவை நின்றவர்கள் வரைக்கும் சொன்னான். அண்ணியின் முகம் மலர்ந்தது. அப்புறம் யோசனையில் ஆழ்ந்தது.

"தம்பி, தினமும் காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி இங்க வந்து ருசி பாத்துட்டுப் போ. அது உன் தலையெழுத்து, மாத்த முடியாது. அதைத் தவிர இன்னொரு வேலை இருக்கு."

"சொல்லுங்க."

"திங்கக்கிழமை கேனை எடுத்துட்டுப் போறப்ப, அந்தப் பொண்ணுங்களை எல்லாம் நிக்க வெச்சுச் சொல்லு. எனக்கு வாசம் தெரியலன்னு சொல்லு. மறைக்காதே. டீ நாறுனா நாறுதுன்னு கேனோட திருப்பி அனுப்பச் சொல்லு, கொட்டிட்டு அனுப்பக் கூடாதுன்னு சொல்லு. நான் போய்ச் சொன்னா அத்தனை பேரும் அழுது தொலைப்பாளுங்க. நீ சொல்லு. நீ சொன்னா திட்டுற மாதிரி இருக்கும், நம்புவாங்க."